பெல்கிரேடா, ரியாத்தா?

மாதுங்காவில் எங்கள் மேல்வீட்டு மாமி, துபாய் எக்ஸ்போவில் வாங்கி வந்த மஞ்சள் பாஸ்போர்ட்டைக் காட்டினார். ஒவ்வொரு நாட்டு அரங்கிலும் குத்திய முத்திரைகள். சிலவற்றில் மை பரவி அடுத்த பக்கத்திலும் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்கும் ஒரு உலகக் கண்காட்சியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

முதலில் வருவது செர்பியாவின் பெல்கிரேட். 2027 மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை. கருப்பொருள் விளையாட்டும் இசையும். இது சிறப்பு எக்ஸ்போ. விதிப்படி கண்காட்சித் திடல் 25 ஹெக்டேருக்குள்தான், அரங்குகளையும் எக்ஸ்போவை நடத்தும் நாடே கட்டித் தரும். அதனால் கட்டட அதிசயங்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. இந்தியர்களுக்கு விசா வேண்டும், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சவுதி அரேபியாவின் ரியாத் வேறு ரகம். 2030 அக்டோபர் 1 முதல் 2031 மார்ச் 31 வரை, முழு ஆறு மாதம். இங்கே நாடுகள் தங்கள் அரங்கைத் தாங்களே கட்டலாம். 2025இல் ஒசாகாவில் சுமார் 2 கிலோமீட்டர் சுற்றளவில் மர வளையம் எழுப்பினார்களே, அந்த மாதிரி பிரம்மாண்டம் இந்த வகை எக்ஸ்போவில்தான் சாத்தியம். மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் குளிர் இதமாக இருக்கும், அப்பாவையும் நடக்க வைத்துக் கூட்டிப்போகலாம்.

சரி, ஒன்றுதான் முடியும் என்றால் நான் ரியாத்துக்குத்தான் சேர்த்து வைப்பேன். பையன் கால்பந்துப் பைத்தியம், அவன் ஓட்டு பெல்கிரேடுக்கு.