பூஸ்டரா, வைஃபை காலிங்கா? பள்ளத்தூர் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் போனில் நாலு கோடு நிற்கும். முகப்பும், நடுவே திறந்த முற்றம் உள்ள வளவும் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் ஒன்றுமில்லை. செங்கலும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவர்கள் அப்படி. சிங்கப்பூரிலிருந்து போன் வந்தால் அப்பத்தா அடுப்படியிலிருந்து வாசல்வரை நடப்பார். அதற்குள் மணி நின்றுவிடும்.

எதிரே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாடியில் ஓர் ஆன்டெனாவும் வீட்டுக்குள் ஓர் ஆன்டெனாவும் வைத்து போன் சிக்னலைப் பெருக்கும் டூயல் பேண்ட் பூஸ்டர், அதாவது இரண்டு அலைவரிசைகளுக்கானது. இன்னொன்று, ஃபைபர் இணைப்பு எடுத்து வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் போன் பேசுவது. நாங்கள் இரண்டாவதைப் போட்டோம். பூஸ்டருக்கு மாதக் கட்டணம் கிடையாது, வருகிற விருந்தாளிக்குப் பாஸ்வேர்டு சொல்ல வேண்டியதும் இல்லை. இதெல்லாம் நிஜம்தான். ஆனால் எங்கள் முடிவு வேறு இடத்தில் நின்றது.

பூஸ்டர் இருவழிக் கருவி. டவர் சொல்வதைப் போனுக்கு உரக்கச் சொன்னால் மட்டும் போதாது. போன் முனகுவதையும் டவருக்கு உரக்கச் சொல்ல வேண்டும். 900 பேண்டில் போன் 915 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசும், டவர் 925க்கு மேலே பேசும். 1800 பேண்டில் போனுக்கு 1710 முதல் 1785 வரை, டவருக்கு 1805 முதல் 1880 வரை. பெட்டிக்குள் இருக்கும் டூப்ளெக்ஸர் இந்த இரண்டையும் பிரித்துத் தனித்தனி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. ஆக, இரண்டு பேண்டுக்கு நாலு பாதை. 2300இலோ 3300க்கு மேலே ஓடும் 5ஜியிலோ உங்கள் போன் இருந்தால் அந்தப் பெட்டி சும்மா கிடக்கும்.

சிக்கல் எங்கே என்றால், பூஸ்டர் 60 டெசிபல் பெருக்கினால் அது பத்து லட்சம் மடங்கு. உள் ஆன்டெனா விடுவது மாடி ஆன்டெனாவுக்குத் திரும்பக் கேட்டுவிட்டால், கல்யாண வீட்டு மைக்செட் 'கீ' என்று அலறுமே, அதே கதைதான். இரண்டுக்கும் நடுவே அந்த 60ஐ விடக் கூடுதலான தடுப்பு வேண்டும். சாதாரண வீட்டில் கூரை தடுக்கும். நம் வளவோ வானம் பார்த்தது! சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் சிக்னல் முற்றம் வழியாக நேரே மாடிக்கு ஏறிவிடும். நம் காதுக்கு அந்த அலறல் கேட்காது, டவருக்குக் கேட்கும். அந்த இரைச்சலில் ஊரார் போன்கள் தடுமாறும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தவிர வேறு யாரும் உரிமமில்லாமல் இதை மாட்டினால் குற்றம் என்று இந்தியச் சட்டம் வைத்திருப்பதும் இதனால்தான். ஆன்லைனில் தாராளமாக விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வைஃபைக்கும் அதே சுவர்தானே? ஆமாம். அதனால் ரூட்டரை முகப்பில் வைத்து, உத்தரத்தை ஒட்டியே லேன் வயரை ஓட்டி, இரண்டாம் கட்டில் ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது அங்கேயும் வைஃபை பரப்பும் பெட்டி, வைத்தோம். சுவரில் துளை போடவில்லை. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அறைக்குள் நுழையத் திணறுகிறது, 2.4 போய்விடுகிறது, பேச்சுக்கு அது போதும். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் இரண்டுக்கும் சின்ன யூபிஎஸ் வாங்கினோம். இன்னும் ஓர் ஐப்பசி மழையைக்கூட இந்த ஏற்பாடு பார்க்கவில்லை, அதனால் ஆயுள் பற்றி இப்போதே பேச மாட்டேன்.

அப்புறம், போனிலும் வைஃபை காலிங் வசதி இருக்க வேண்டும். அப்பத்தாவின் பட்டன் போனில் அது இல்லை, புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பழையதை அவர் விடவில்லை. அது இன்னும் திண்ணையில்தான் மணியடிக்கிறது.