சர்க்கரைவள்ளி, மரவள்ளி, உருளைக்கிழங்கு: எந்த மாவுச்சத்து எதற்கு உதவும்?

சர்க்கரைவள்ளி மாவு என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. கிழங்கை வில்லைகளாக அரிந்து காயவைத்து அரைத்தது ஒன்று; அதில் கிழங்கின் இனிப்பும் நாரும் நிறமும் தங்கியிருக்கும். கிழங்கை அரைத்து நீரில் கரைத்து, திப்பியை வடிகட்டி, அடியில் படிந்த வெண்மையான படிவை மட்டும் உலர்த்தியது மற்றொன்று. இந்த இரண்டாவது பொருளான மாவுச்சத்தைத்தான் அதன் போட்டியாளர்களோடு இங்கே ஒப்பிடுகிறேன். ஆரஞ்சு நிறக் கிழங்கின் கரோட்டின் இதற்குள் வருவதில்லை என்பதால், உடலுக்கு நல்லது என்று எண்ணி இதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. வேறுபாடு அடுப்பில் ஏற்றிய பிறகுதான் தெரியும்.

உருளைக்கிழங்கு மாவுச்சத்தின் துகள்கள் பெரியவை. சில 100 மைக்ரான் வரை இருக்கும். அவற்றில் இயல்பாகவே இணைந்துள்ள பாஸ்பேட் நீரை வேகமாக உள்ளிழுக்க உதவுவதால், 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே அவை பெருமளவு உப்பிக் கண்ணாடி போன்ற கெட்டிக் குழம்பைத் தந்துவிடும். ஆனால், தொடர்ந்து கொதிக்கவிட்டு ஓயாமல் கிளறினால், உப்பிய துகள்கள் உடைந்து குழம்பு மீண்டும் நீர்த்துப்போகும். சர்க்கரைவள்ளித் துகள்கள் அவற்றைவிட மிகச் சிறியவை, பாஸ்பேட்டும் குறைவு. வேகக் கூடுதல் சூடு கேட்கும், அந்த அளவுக்கு உப்பவும் செய்யாது. எனவே, சூப்பை நொடியில் கெட்டியாக்க வேண்டுமென்றால் உருளைக்கிழங்குக்கே என் வாக்கு.

மரவள்ளியோடு ஒப்பிடும்போது கணக்கு வேறு. மாவுச்சத்தின் நீண்ட இழை போன்ற மூலக்கூறான அமைலோஸ், மரவள்ளி மாவுச்சத்தில் சுமார் 17 விழுக்காடுதான். சர்க்கரைவள்ளியில் பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் கூடுதல். வெந்த மாவு ஆறும்போது அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகுவதால், அமைலோஸ் மிகுந்த மாவு ஆறியபின் உறுதியான கட்டியாகும், குறைந்த மாவு நெடுநேரம் இழுபடும் பசையாகவே நிற்கும். மரவள்ளி மாவுச்சத்தால் ஆன ஜவ்வரிசி பாயசத்தில் வெந்து வழவழப்பாக இருப்பதற்கும் இந்த இயல்பே முக்கியக் காரணம்.

இறுகுவது பாயசத்துக்குக் குறை. சேமியா போன்ற இழைகளுக்கு அதுவே உயிர். கொரியாவின் 'டாங்மியோன்' இழைகள் இன்று பெரும்பாலும் சர்க்கரைவள்ளி மாவுச்சத்தால் செய்யப்படுகின்றன. மாவில் ஒரு பங்கை முதலில் வேகவைத்துப் பசையாக்கி, மீதியுள்ள பச்சை மாவோடு பிசைந்து, துளைத்தட்டின் வழியே கொதிநீரில் பிழிந்து, குளிர்நீரில் அலசியபின் உறையவைத்து உலர்த்துகிறார்கள். கோதுமையைப் போல இழையைப் பிடித்து நிறுத்தப் புரதம் ஏதும் இதில் கிடையாது. உறையும் கட்டத்தில் மாவுச்சத்து தானாக இறுகுவதுதான் இழையைக் கரையாமல் காக்கிறது. 'ஜாப்சே' என்ற கொரிய வதக்கலைச் செய்யும்போது அந்த இழை காய்கறிகளோடு வதங்கியும் குழையாமல், பளபளப்போடு சவைக்க இதமாக இருக்கும். மரவள்ளி மாவை மட்டும் கொண்டு செய்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு எளிதில் குழையும். இத்துறையில் உண்மையான முதலிடம் அமைலோஸ் மிகுந்த பாசிப்பயற்று மாவுச்சத்துக்கே உரியது என்றாலும், விலையில் சர்க்கரைவள்ளி அதை வென்றுவிடுகிறது.

பொரிப்பதில் தைவான் வழி எனக்குப் பிடித்தது. அங்கே கோழித்துண்டுகளின்மேல் குருணை போன்ற சர்க்கரைவள்ளி மாவுச்சத்தைப் புரட்டிப் பொரிக்கிறார்கள்; துகள்கள் ஒட்டிய இடமெல்லாம் சிறு முண்டுகளாக எழும்பி நொறுநொறுப்பாகும். அதே மாவுச்சத்தை நைசாக நீரில் கரைத்து ஊற்றிச் சிப்பி ஆம்லெட் சுட்டால், மெல்லிழுவையாக வரும். நொறுநொறுப்புக்கு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் மக்காச்சோள மாவுச்சத்து போதும்; ஆனால் அந்த முண்டுகள் அதில் வாரா.

தயாரிப்பில்தான் சர்க்கரைவள்ளி பின்தங்குகிறது. அரைத்தவுடன் அதன் பாலும் பாலிபினால்கள் என்ற இயற்கை வேதிப்பொருள்களும் காற்றுப்பட்டுக் கறுத்து, மாவைப் பழுப்பாக்கும். அதைத் தடுக்க ஜப்பானிய ஆலைகளில் சுண்ணாம்பு நீர் சேர்ப்பது வழக்கம். சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு வரும் மரவள்ளியோ வெள்ளை மாவை எளிதில் தருகிறது, பச்சைக் கிழங்கில் மாவுச்சத்தும் பொதுவாகக் கூடுதல். அறுவடைக்குப்பின் ஓரிரு நாளில் கெடத் தொடங்கினாலும், வெட்டாமல் சில காலம் நிலத்திலேயே விட்டுவைக்க முடியும் என்பதால் ஆலையின் தேவைக்கேற்பப் பிடுங்கிக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளி நான்கு மாதத்தில் விளைவது உண்மைதான். ஆனால் முற்றிய கிழங்கை மண்ணில் விட்டால் கூன்வண்டு துளைத்துவிடும். சேலத்தில் மரவள்ளி வேரூன்றியதில் எனக்கு வியப்பில்லை.

ஜப்பானில் ககோஷிமாவின் எரிமலைச் சாம்பல் மண்ணில் விளையும் கிழங்கின் மாவுச்சத்தில் பெரும்பகுதி இனிப்புப் பாகாக மாற்றப்படுகிறது. விலைமிகுந்த காட்டுப் பெரணி மாவுக்கு மாற்றாக 'வராபிமோச்சி' என்ற இனிப்பிலும் இது சேர்கிறது. அத்தகைய மென்பண்டம் ஆறியபின் விறைக்கக் கூடாது. ஆகவே, குறைந்த சூட்டில் வெந்து, மெதுவாக இறுகும் மாவுச்சத்தைத் தரும் 'கொனாமிசுகி' போன்ற கிழங்கு வகைகளை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். கொரிய இழைக்காரருக்கு அது உதவாத மாவு.