யாரோடு கூட்டு? கரீபியன், பசிபிக், நம் இந்து சமுத்திரம்

திருகோணமலைச் சந்தையில் மாசிக் கருவாடு விற்கும் கிண்ணியா நானா ஒருவர் எனக்கு இருபது வருடப் பழக்கம். இரண்டு மாசிக் கட்டைகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டுவார். காய்ந்த மரம்போல 'டக்'கென்று கேட்டால் மாலைதீவுச் சரக்கு. மொத்தென்று கேட்டால் உள்ளூரில் அவசரத்துக்குக் காயவைத்தது. நிறுத்து முடித்த பிறகு, கேட்காமலே சிறு துண்டொன்றை மேலதிகமாகப் பொதிக்குள் போடுவது அவர் வழக்கம்.

சென்ற மாதம் தட்டிக்கொண்டே கேட்டார்: "மாஸ்டர், மாலைதீவும் தீவு, நாங்களும் தீவு. மொரிஷியஸ், சீசெல்ஸ் எல்லாம் இதே கடலில்தான் கிடக்கின்றன. எல்லாரும் ஒரே கூட்டாகச் சேர்ந்துவிட்டால் இந்த மாசிக்குத் தீர்வை கட்ட வேண்டியதில்லையே?"

முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவனுக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். தீவுகள் கூட்டுச் சேர்ந்த கதைகள் உலகில் சில உண்டு. அவற்றில் மூன்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டே கேள்விகள்தான்: கூட்டினால் சாதாரண மனிதனின் மடியில் என்ன விழுந்தது? அவன் பெயருக்கும் மொழிக்கும் என்ன நடந்தது?

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இலங்கை, ஐ.நா.வின் வளர்முகச் சிறு தீவு நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆனால் பாக்குநீரிணைக்கு அப்பால் இருப்பவரைப் பார்க்கும்போது நாமும் சிறு தீவுதான்.

கரீபியனில் இருந்து தொடங்குகிறேன். 2012 ஒக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதிப்போட்டி. மேற்கிந்தியத் தீவுகளிடம் 36 ஓட்டங்களால் தோற்றோம். அடுத்த நாள் காலை வகுப்பில் பையன் ஒருவன் எழுந்து, "சேர், மேற்கிந்தியத் தீவுகளின் தலைநகரம் எது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நல்ல கேள்வி. 78 ஓட்டம் அடித்த சாமுவேல்ஸ் ஜமைக்காக்காரர். தலைவர் சமி சென் லூசியா. நம்மைச் சுழற்றிய நரைன் டிரினிடாட். வென்ற அணிக்கு நாடு இல்லை, நாட்டுப் பண்ணும் இல்லை. அணிக்கென்று ஒரு பாட்டும், தென்னை மரமும் ஸ்டம்பும் போட்ட ஒரு கொடியும் மட்டும் உண்டு.

தலைநகரம் ஒருகாலத்தில் இருந்தது என்றுதான் அவனுக்குச் சொன்னேன். 1958 முதல் 1962 வரை பத்துத் தீவுப் பிரதேசங்கள் ஒரே கூட்டாட்சியாக இருந்தன, தலைநகரம் போர்ட் ஒஃப் ஸ்பெயின். 1961இல் ஜமைக்கா மக்கள் வாக்கெடுப்பில் விலகினார்கள். டிரினிடாட்டின் தலைவர் எரிக் வில்லியம்ஸ் ஒரு புதுக் கணக்குச் சொன்னார்: பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூச்சியம். அடுத்த வருடமே கூட்டாட்சி முடிந்தது.

கிரிக்கெட் அணி முடியவில்லை. 1928இல் முதல் டெஸ்ட் ஆடிய அணி கூட்டாட்சிக்கு முந்தியது, அதற்குப் பிறகும் வாழ்கிறது. 1948இல் தொடங்கிய மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அரசியல்வாதிகள் கட்டியது இடிந்தது, பிள்ளைகள் ஆடியதும் படித்ததும் நின்றன.

1973இல் மறுபடி முயன்றபோது யாரும் ஒரே நாடு என்று பேசவில்லை. சந்தை, பிறகு நீதிமன்றம் என்று கீழே இறங்கி வந்தார்கள். கையெழுத்து விழுந்த இடம் டிரினிடாட்டின் சகுவாராமாஸ். முன்பு கூட்டாட்சிக்குத் தலைநகரம் கட்ட நினைத்து, அமெரிக்கக் கடற்படை இடத்தைக் காலிசெய்யாததால் தடைப்பட்ட அதே குடா. கடற்படைத் தளம் ஊரைவிட்டுப் போவதற்குக் காத்திருந்த கதை திருமலைக்காரர்களுக்குப் புதிதல்ல. பிரித்தானியர் இங்கிருந்து 1957இல்தான் போனார்கள்.

அந்தக் கூட்டின் பெயர் காரிகொம், அதாவது கரீபியன் சமூகம். மடியில் விழுந்தது என்ன? அங்கே முதலில் எல்லை தாண்டி வேலைசெய்ய அனுமதி பெற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள்: பட்டதாரிகள், ஊடகக்காரர்கள், விளையாட்டு வீரர்கள், கலைஞர்கள், இசைக்காரர்கள். தச்சனுக்கும் மேசனுக்கும் முன்பே பாட்டுக்காரனுக்குக் கதவு திறந்திருக்கிறது. எனக்குப் பிடித்த பட்டியல் இது. தச்சனுக்குப் பிடித்திருக்காது.

2011இல் பார்படோஸ் விமான நிலையத்தில் ஒரு ஜமைக்காப் பெண்ணை அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர் கரீபியன் நீதிமன்றத்துக்குப் போனார். காரிகொம் நாட்டவர் எவரும் அடுத்த தீவில் ஆறு மாதம் தங்க உரிமை உண்டு என்று 2013இல் தீர்ப்பு வந்தது, நட்டஈடும் கிடைத்தது. சாதாரண மனுஷி ஒருத்தி ஓர் அரசை வென்ற இந்த ஒன்றுக்காகவே காரிகொமுக்கு என்னிடம் கூடுதல் புள்ளி. வேடிக்கை என்னவென்றால், அந்த நீதிமன்றம் இருக்கும் டிரினிடாட், தன் வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டை இன்றும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் அனுப்புகிறது. 2025 ஒக்டோபரில் பார்படோஸ், பெலீஸ், டொமினிக்கா, சென் வின்சென்ட் ஆகிய நான்கும் தங்களுக்குள் முழு நடமாட்டத்தைத் திறந்தன. ஐம்பது வருடத்துக்குப் பிறகு, பதினைந்தில் நான்கு.

பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலிம்பிக்கில் ஜமைக்கா ஜமைக்காவாகவே ஓடுகிறது. ஒரே ஓட்டை ஹெய்ட்டி. மற்ற உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதன் சனத்தொகைதான் அதிகம். ஆனால் ஆங்கிலம் பேசும் அந்த வீட்டில் கிரியோல் பேசும் ஹெய்ட்டிக்காரன் இன்னும் வாசல்படியில்தான் நிற்கிறான்.

பசிபிக்கின் கதை வேறு. 1971இல் தொடங்கிய பசிபிக் தீவுகள் மன்றத்தில் இப்போது 18 உறுப்பினர்கள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆரம்பம் முதலே மேசையில் இருக்கின்றன. பதினோராயிரம் பேர் வாழும் துவாலுவும் அவுஸ்திரேலியாவும் சரிசமமாக உட்கார்ந்திருப்பதாகப் படம் எடுக்கலாம். செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது படத்தில் தெரியாது.

ஆனால் அந்த மன்றம் உடையப் பார்த்தது பெரியண்ணன்களால் அல்ல. 2021இல் செயலாளர் நாயகம் பதவி மைக்ரோனீசியத் தீவுகளின் முறை என்று ஒரு வாய்ப்பேச்சு இருந்தது. வாக்கெடுப்பு நடத்தி 9க்கு 8 என்று குக் தீவுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து மைக்ரோனீசிய நாடுகளும் விலகப்போவதாக அறிவித்தன. வெளியாருக்கு இது பதவிச் சண்டை. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் உபயம் பிரித்துக் கொடுப்பதைப் பார்த்தவனுக்கு அப்படித் தெரியாது. ஆறாம் திருவிழா எந்தக் குடும்பத்தின் உபயமோ, அது அவர்களுடையதுதான். "இந்த வருடம் உங்களைவிட வசதியானவர்கள் செய்யட்டும்" என்று தர்மகர்த்தா சொல்லிப் பார்க்கட்டும், சாமி வீதிக்கு வராது, வழக்குத்தான் நீதிமன்றத்துக்குப் போகும். காசு அங்கே பிரச்சினையே இல்லை. முறை தவறினால் "நீ இந்த ஊரில்லை" என்று சொன்னதாக ஆகிவிடும். 2022இல் ஃபிஜியின் சுவாவில் உட்கார்ந்து பேசி, இனி முறைவைத்துத்தான் பதவி என்று எழுதிக்கொண்டார்கள். கிரிபட்டி அப்போதும் கோபித்துக்கொண்டு போய், அடுத்த வருடம் திரும்பி வந்தது. 2024இல் நவுரு நாட்டவர் பதவியேற்றார்.

பெரிய மன்றத்தைவிட எனக்கு அங்கே பிடித்தது இன்னொரு சிறு கூட்டு. 1982இல் ஏழு நாடுகள் நவுரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன, துவாலு பின்னர் சேர எட்டானது. அவுஸ்திரேலியா இல்லை, நியூசிலாந்து இல்லை. பேச்சு ஒன்றே ஒன்று: சூரை மீன். தூரதேசத்துப் பெரும் வலைக் கப்பல்கள் ஒவ்வொரு தீவாகப் பேரம்பேசி, 'நீ தராவிட்டால் பக்கத்துத் தீவு தரும்' என்று அற்ப விலைக்கு அனுமதி வாங்கிக்கொண்டிருந்தன. எட்டுப் பேரும் சேர்ந்து மீன்பிடி நாட்களை எண்ணி விற்கத் தொடங்கினார்கள். வருடத்துக்கு இத்தனை கப்பல்-நாள், ஒரு நாளுக்குக் குறைந்தது இவ்வளவு விலை. 2015இல் அந்தக் குறைந்த விலை 8,000 டாலர். 2010இல் எல்லாருக்குமாகச் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம், சில வருடங்களிலேயே 50 கோடி அளவுக்குப் போனது. 21 சதுர கிலோமீற்றர் நாடு ஒன்று கடலில் நாள் விற்றுப் பள்ளிக்கூடம் நடத்துகிறது. கொடி, பண், நாடாளுமன்றம் ஒன்றும் கேட்கவில்லை. யார் மொழியும் யாருக்கும் கீழே போகவில்லை.

பசிபிக்காரர்கள் எல்லாரும் அண்ணன் தம்பிகள் என்று எண்ணவேண்டாம். 2005இல் ஃபிஜியும் வனுவாட்டுவும் ஒன்றின் பிஸ்கட்டை மற்றது தடுத்து, ஒன்றின் காவா என்ற பானவேரை மற்றது தடுத்துச் சண்டைபிடித்தன. பிஸ்கட்டுக்கு!

இனி நம் கடல். இந்து சமுத்திர ஆணைக்குழு 1982இல் போர்ட் லூயியில் பிறந்தது. மொரிஷியஸ், சீசெல்ஸ், மடகாஸ்கர், கொமரோஸ், ரியூனியனுக்காகப் பிரான்ஸ். நானா கேட்ட கூட்டுக்கு மிகக் கிட்டியது இதுதான். இலங்கை உறுப்பினர் இல்லை. எனக்கு மிகக் குறைவாகப் பிடித்ததும் இதுவே. ஒரே மேசையில் கொமரோஸும் பிரான்ஸும் இருக்கின்றன. கொமரோஸ் தன்னுடையதென்று சொல்லும் மயோட் தீவை வைத்திருப்பதும் பிரான்ஸ்தான். இந்து சமுத்திரத் தீவுகளுக்கென்று 1979 முதல் ஒரு விளையாட்டு விழா நடக்கிறது, நல்ல விழா. 2015இல் ரியூனியனில் நடந்தபோது மயோட் அணி பிரெஞ்சுக் கொடியோடு அணிவகுத்தது, கொமரோஸ் அணி விலகிவிட்டது. ஓடவந்த பிள்ளைகள் ஓடாமலே போனார்கள்.

இருந்தாலும் தமிழன் இந்தக் கூட்டைச் சும்மா கடந்து போக முடியாது. ரியூனியனிலும் மொரிஷியஸிலும் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்கள். இரு தீவுக்கும் இடையே சுமார் இருநூறு கிலோமீற்றர்தான். ஒன்று பிரான்சோடு முழுதாகக் கலந்தது. யூரோ, ஐரோப்பியக் கடவுச்சீட்டு, பிரெஞ்சு ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. கோயிலில் தீமிதிக்கிறார்கள், ராமசாமி என்ற பெயர் பிரெஞ்சு எழுத்தில் நெளிந்து கிடக்கிறது, வீட்டுப் பேச்சில் தமிழ் போய்விட்டது. மற்றது 1968இல் தனி நாடானது. அங்கும் பேச்சு கிரியோல்தான். ஆனால் தைப்பூசக் காவடிக்கு அரச விடுமுறை உண்டு.

என் மேசை இலாச்சியில் ஒரு மொரிஷியஸ் நூறு ரூபாய் நோட்டு இருக்கிறது, அயல்வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து தந்தது. அதில் உள்ள முகம் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வழிவந்த அரசியல்வாதி. மதிப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் இருக்கிறது, தமிழ் இந்திக்கு முன்னே. 1998இல் வந்த புது நோட்டில் இந்தியை முன்னே போட்டுவிட்டார்கள். வீட்டில் தமிழ் பேசாத தமிழர்கள் வீதிக்கு இறங்கினார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வரிசை வந்தது. பேசாத மொழிக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர், பெயர்ப்பலகையில் எந்த மொழி எந்த வரியில் என்று பார்த்துப் பழகாத ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

இரண்டு தீவும் ஒரே ஆணைக்குழுவில்தான் இருக்கின்றன. தமிழைக் காத்ததும் அதுவல்ல, அழித்ததும் அதுவல்ல. அடையாளம் கரைந்துவிடும் என்று பிராந்தியக் கூட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தவறான கதவைக் காவல் காக்கிறார்கள். சிறு கூட்டில் கரைந்தவர் யாரையும் நான் காணவில்லை. ஒரு பெரிய நாட்டுக்குள் முழுதாகப் போனவர்கள்தான் கரைந்தார்கள்.

நாம் இருக்கும் தெற்காசியக் கூட்டான சார்க்கைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 2014க்குப் பிறகு தலைவர்கள் மாநாடே கூடவில்லை. அதற்கிடையில் பெரியவர்கள் நம் ஊருக்கே வந்துவிட்டார்கள். சீனன்குடாவில் உலகப் போர்க்கால எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பாடு எழுதின. ஊர் நம்முடையது, மேசை அவர்களுடையது.

ஆகவே என்னைக் கேட்டால் நவுரு வழிதான். மாலைதீவு, சீசெல்ஸ், மொரிஷியஸ், நாம். பேச்சு மீனைப் பற்றி மட்டும், பதவி முறைவைத்து. ஆனால் ஒரு முள் இருக்கிறது. பசிபிக் தீவுகள் விற்பது பிறத்தியாருக்கு. இங்கே மாலைதீவார் தாங்களே தூண்டிலில் சூரை பிடிக்கிறார்கள். சீசெல்ஸ் ஐரோப்பியக் கப்பல்களுக்கு அனுமதி விற்கிறது. நம் பலநாள் கலங்களோ அனுமதி இல்லாமல் பிறர் கடலுக்குள் போய்ப் பிடிபடுகின்றன. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று சொல்லி 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனை வாங்க மறுத்தது, தடை நீங்க அடுத்த வருட நடுப்பகுதி ஆனது. அடுத்த வீட்டு வேலியைப் பிரித்துக்கொண்டே கூட்டுச் சேரக் கேட்க முடியாது.

போன சனிக்கிழமை இதைச் சுருக்கி நானாவிடம் சொன்னேன். கரீபியன், பசிபிக் எல்லாம் ஆர்வமாகக் கேட்டார். நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தார். வேலிக்கு வந்ததும் முகம் மாறியது. அவருடைய மச்சினன் பலநாள் கலத்தில் போகிறவர்.

"அப்படியென்றால் அவன் எங்கே போய்ப் பிடிப்பான், மாஸ்டர்?"

"முதலில் எங்கள் கடலுக்குள், நானா. பிறகு அவர்களோடு பேசி, நாளுக்கு விலை கொடுத்து."

"விலை கொடுத்து," என்று திருப்பிச் சொன்னார். கட்டையை இரண்டு தரம் தட்டினார், 'டக்' என்றது. கால் கிலோ நிறுத்தார். பொதியை மடித்துக் கட்டிக் கையில் தந்தார். அன்றைக்கு மேலதிகத் துண்டு இல்லை.