பாம்பை போர்டிங்கில் விடுபவர்கள் கவனத்துக்கு: ஆஸ்பென் என்று சொல்லி பைன் மரச்சீவல் போடுகிறார்கள்

கோயம்புத்தூரில் பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்நேக் (corn snake) ஆகிய வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பாம்பைக் கடையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். இங்கே ஒரு செல்லப்பிராணிக் கடையில் "இம்போர்ட்டட் ஆஸ்பென்" (பாம்புப் பெட்டியில் விரிக்கும் ஒரு வெளிநாட்டு மரத்தின் சீவல்) என்று பில்லில் எழுதிக் காசு வாங்கினார்கள். பெட்டியில் போட்டதோ பழைய பேக்கிங் மரப்பெட்டிகளை உடைத்துச் சீவிய பைன். என் பால் பைத்தானுக்கு மூச்சுக்குழாய்த் தொற்று வந்து இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். நுகர்வோர் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

தம்பி கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. கரண்ட் போனால் பாம்புப் பெட்டிக்குச் சூடு கொடுக்கும் ஹீட் மேட்டைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்காது என்பதால் போர்டிங் வசதி உள்ள கடையில் விட்டோம். என்ன சப்ஸ்ட்ரேட் (பெட்டியின் அடியில் விரிக்கும் பொருள்) போடுவீர்கள் என்று விடும்போதே கேட்டேன். "ஆஸ்பென்தானுங்க, வெளிநாட்டு மால். நீங்க கவலையே படாதீங்க" என்றார் உரிமையாளர். பைன் இல்லையே என்று மறுபடியும் கேட்டேன். "பாம்புக்குப் போயி யாராச்சும் பைன் போடுவாங்களா?" என்று சொல்லி, அலமாரியில் இருந்த சீல் பிரிக்காத ஆஸ்பென் பையையும் எடுத்துக் காட்டினார். அந்தப் பையின் விலை போர்டிங் கட்டணத்தோடு தனி வரியாகப் பில்லில் ஏறியது.

பாம்பை ஒப்படைக்கும் முன் அங்கேயே ஒரு வீடியோ எடுத்தேன். வாய் மூடியிருக்கிறது, மூக்கில் ஈரமில்லை, மூச்சில் சத்தமில்லை, நாக்கை நீட்டி இடத்தை மோப்பம் பிடிக்கிறது. எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. இதை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்ததும் டர்பன்டைன் (பெயின்ட்டில் கலக்கும் எண்ணெய்) நெடி முகத்தில் அடித்தது. சீவல் நல்ல மஞ்சள், நடுநடுவே செம்பழுப்புக் கோடு. கையில் எடுத்தால் விரலில் பிசின் ஒட்டியது. கிளறிப் பார்த்தால் வளைந்த ஸ்டேப்பிள் பின் ஒன்றும் பிளைவுட் செதில்களும் இருந்தன. தண்ணீர்க் கிண்ணம் சிந்திய மூலையில் வெள்ளையாகப் பூஞ்சணம். பாம்பு தலையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று சத்தம், மூக்கில் சின்னக் குமிழி. பாம்பு வளர்ப்பவர்களுக்கு இதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

"குளுருக்கு அப்படித்தானுங்க இருக்கும், வீட்டுக்குப் போனா சரியாயிரும்" என்றார்கள். சீவலைக் காட்டிக் கேட்டதும் பேச்சு மாறியது. இது ஆஸ்பெனிலேயே இன்னொரு ரகம் என்றார்கள், அப்புறம் பைன்தான், ஆனால் வெயிலில் காயவைத்தது என்றார்கள். கடைசியில், பாம்பு நோயோடுதான் வந்தது என்று ஒரே போடாகப் போட்டார்கள். அங்கேதான் வீடியோவைக் காட்டினேன்.

சீவல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பாம்பு நாள் முழுக்க மூக்கைத் தரையில் வைத்துக் கிடக்கும் பிராணி. மூடிய பெட்டிக்குள், அதுவும் கீழே சூடு கொடுக்கும் இடத்தில், மரத்திலிருந்து ஆவியாகி வருவதையெல்லாம் அதுதான் சுவாசிக்க வேண்டும். நமக்கு இருப்பதுபோல் அதற்கு உதரவிதானம் கிடையாது. நாம் இருமிச் சளியை வெளியே தள்ளுவதுபோல் அதனால் தள்ள முடியாது. உள்ளே எரிச்சல் வந்து சளி கட்டினால் அங்கேயே தங்கிக் கிருமிக்கு இடம் கொடுக்கிறது. பைன், செடார் போன்ற ஊசியிலை மரங்களில் ஆவியாகும் எண்ணெய்களும் பிசின் அமிலங்களும் இருக்கின்றன. மேற்கத்திய சிவப்பு செடாரில் உள்ள பிளிக்காட்டிக் அமிலம் மரப்பட்டறைத் தொழிலாளர்களுக்கே ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. 1967-ல் சயன்ஸ் இதழில் எலியட் வெசெல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாதிரி மென்மரச் சீவலின் மேல் வைத்த எலிகளின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்கள் கூடியது தெரியவந்தது. அது எலியில் செய்த ஆய்வுதான், பாம்பில் இல்லை. ஆனாலும் இந்த மரங்கள் உடம்புக்குள் வேலை காட்டும் என்பதற்கு அது போதும்.

செடார் கூடவே கூடாது என்பதில் பாம்பு வளர்ப்பவர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. பைனைப் பற்றி இருக்கிறது. சூளையில் நன்றாக உலர்த்திய பைனைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் வெளிநாடுகளில் உண்டு. உலர்த்தினால் ஆவியாகும் எண்ணெய் பெரும்பாலும் போய்விடும், பிசின் கொஞ்சம் தங்கும். நான் போடமாட்டேன், ஆனால் அவர்களோடு சண்டைக்கும் போகமாட்டேன். இங்கே நடந்தது வேறு விஷயம். கப்பலில் சரக்கு ஏற்றி வரும் மரப்பெட்டிகளையும் சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகளான பேலட்டுகளையும் பூச்சி வராமல் இருக்க ஒன்று சூடாக்கிப் பதப்படுத்துவார்கள், இல்லையென்றால் மெத்தில் புரோமைடு புகை போடுவார்கள். பலகையில் ஹெச்டி என்று முத்திரை இருந்தால் சூடாக்கியது, எம்பி என்று இருந்தால் புகை போட்டது. சீவித் தூளாக்கிய பிறகு எது எந்தப் பலகையிலிருந்து வந்தது, அதில் என்ன சிந்தியிருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதை ஒரு உயிருக்கு அடியில் விரிக்க எப்படி மனசு வந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பெனா பைனா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஆஸ்பென் வெளிறிய வெண்மையாக இருக்கும், கோடு பளிச்சென்று தெரியாது, வாசனை கிட்டத்தட்ட இல்லை, பிசுக்கு இருக்காது. பைனில் மஞ்சளும் செம்பழுப்பு வரிகளும் மாறி மாறி வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி சீவலை டம்ளரில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிஷம் தட்டால் மூடிவையுங்கள். திறந்ததும் டர்பன்டைன் மாதிரியோ தரை துடைக்கும் லோஷன் மாதிரியோ நெடி வந்தால் அந்தப் பை வேண்டாம். கடைக்காரர்கள் பெரிய பையைப் பிரித்துச் சின்னக் கவரில் அடைத்து, தங்கள் ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். மூலப் பையில் கம்பெனி பெயரும் மரத்தின் பெயரும் அச்சாகியிருக்க வேண்டும்.

சத்தம் போட்டதும் கடைக்காரர் சமாதானமாக ஒரு கவர் "கோகோ ஹஸ்க்" இலவசமாகக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் மாடித்தோட்டத்துக்கு விற்கும் மண் கலவை. தென்னை நார்க்கழிவில் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் (தோட்ட மண்ணில் கலக்கும் லேசான கல் துகள்), வேப்பம் பிண்ணாக்கு வாடை, உரத் துகள். அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதில் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் நல்ல பொருள் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து உலகமெங்கும் தென்னை நார்க்கழிவு ஏற்றுமதியாகிறது. வெளிநாட்டில் பாம்பு வளர்ப்பவன் நம் ஊர் மட்டையை டாலர் கொடுத்து வாங்குகிறான், இங்கே நமக்குக் குப்பையைத் தருகிறார்கள்.

பால் பைத்தானுக்குத் தேங்காய் மட்டைச் சிப்ஸ் நன்றாகப் பொருந்தும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் தங்கும் பாம்பு அது. வெளியே காய்ந்திருந்தாலும் வளைக்குள் ஈரப்பதம் இருக்கும். பெட்டிக்குள் 60 சதவீதத்தை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ ஈரப்பதம் வேண்டும். ஆஸ்பென் ஈரத்தைத் தாங்காது, சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நல்ல ஆஸ்பென் கிடைத்தாலும் அது கார்ன் ஸ்நேக்குக்குத்தான் சரி. பால் பைத்தானுக்கு மட்டைச் சிப்ஸ்தான் என் தேர்வு. வாங்கும்போது 'கழுவியது', 'லோ இசி' (உப்பு குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகமாக இருக்கும். உரம் சேர்க்காத வெறும் மட்டையா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாவு மாதிரி இருக்கும் 'பித்' என்ற தூளை மட்டும் தனியாகப் போடாதீர்கள், காய்ந்தால் தூசி பறக்கும், இரையாகக் கொடுக்கும் எலியோடு ஒட்டி வாய்க்குள் போகும். ஈரம் எவ்வளவு என்றால், கையில் அள்ளிப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது. மேல்பகுதி எப்போதும் ஈரமாகவே இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வந்து புண்ணாகிவிடும்.

அதே கடையில் ஒரு காலேஜ் பையனிடம் "பாம்புன்னா பாலைவனம்தானே, மணல் போடுங்க" என்று சொல்லிக் கலர் மணல் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். தம்பி, அதைப் போடாதே என்று அங்கேயே சொன்னேன். உறைநிலையிலிருந்து இளக்கிய எலி ஈரமாக இருக்கும். மணலில் உருண்டால் முழுக்க ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கலாம். எந்தச் சப்ஸ்ட்ரேட்டாக இருந்தாலும் இரையை ஒரு தட்டின் மேல் வைத்துக் கொடுப்பது நல்லது.

மருத்துவரிடம் காட்டினோம். ஊர்வன பார்க்கிற டாக்டர் கிடைப்பதே பெரும்பாடு. இதற்கு மரச்சீவல் மட்டுமே காரணம் என்று எழுதித்தர முடியாது என்று நேர்மையாகச் சொன்னார். பைன் நெடி, தூசி, பூஞ்சணம், கடையின் ஏசி அறையில் போதாத சூடு எல்லாம் சேர்ந்து நுரையீரலைப் பாதித்திருக்கிறது என்பது அவர் கணிப்பு. செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மூன்று நாளுக்கு ஒருமுறை, உடம்பின் முன்பகுதித் தசையில் போடுகிறார். பெட்டியில் இப்போது வெறும் கிச்சன் டிஷ்யூதான். நோய்வாய்ப்பட்ட பாம்புக்கும் புதிதாக வாங்கி வந்த பாம்புக்கும் அதைவிடப் பாதுகாப்பானது எதுவுமில்லை. கழிவு, சளி, கறுப்புப் புள்ளியாக உண்ணி எல்லாம் உடனே கண்ணில் படும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகார் கொடுக்கப்போகிறேன் என்றதும் கடைக்காரர், "ஃபாரஸ்ட்காரங்க வந்து பாம்பைத் தூக்கிட்டுப் போயிருவாங்க, பாத்துக்குங்க" என்றார். இந்த மிரட்டலுக்குப் பயந்து பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதில் பேச்சே இல்லை. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வருவது. 2024-ல் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட உயிரினங்களைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். என் பாம்பு பதிவாகியிருக்கிறது, அதனால் மிரட்டல் என்னிடம் எடுபடவில்லை. உங்களுடையது பதிவாகாமல் இருந்தால் முதலில் அந்த வேலையைப் பாருங்கள். பதிவுச் சான்று கேட்காமலே பாம்பைப் போர்டிங்குக்கு வாங்கிக்கொள்ளும் கடையை நம்பாதீர்கள். என்னிடமும் அவர்கள் கேட்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். போர்டிங் கட்டணத்தில் பாதியைக் கடை திருப்பிக் கொடுத்தது. ஆஸ்பென் பணமும் மருத்துவச் செலவும் தரமாட்டோம் என்கிறார்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில், வீடியோ, மருத்துவர் சீட்டு, பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கவர் சீவல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது ஏதாவது கடையில் உங்கள் பாம்பு போர்டிங்கில் இருந்தால் போன் செய்து கேட்காதீர்கள், நேரில் போய்ப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். இதே மாதிரி ஆஸ்பென் பெயரில் பைன் வாங்கிய பில் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தகவல் கொடுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.