நாணய ஏலத்தில் கை தூக்குமுன் திருப்பியளிக்கும் விதியைப் படியுங்கள்: நான் இழந்தது 21,105 ராண்ட்

நேற்று மாலை வந்த மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பழைய நாணயம் சேர்க்கும் நம்மவர்கள் பலர் இருப்பதால், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இணையவழி ஏலம் நடத்தும் ஒரு நாணய நிறுவனத்தில் 21,105 ராண்ட் கொடுத்து நான் வாங்கிய நாணயம், அவர்களுடைய குறிப்பில் சொன்ன நிலையில் இல்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தேடியது 1892ஆம் ஆண்டின் ஐந்து ஷில்லிங் வெள்ளி நாணயம். டச்சு வழிவந்த போயர்கள் அன்று இங்கே ஆண்ட, அதிபர் குரூகரின் டிரான்ஸ்வால் குடியரசுக்காகப் பெர்லினில் அச்சு செய்தபோது, போயர் மக்களின் மாட்டு வண்டிக்கு ஒற்றை ஏர்க்கால் (மாடு பூட்டும் நீள மரம்) இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை ஏர்க்காலைப் பொறித்துவிட்டார்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவாக அமைந்தன. பிறகு திருத்தி ஒற்றை ஏர்க்காலுடனும் அடித்தார்கள். ஐந்து ஷில்லிங் நாணயம் அந்த ஓர் ஆண்டோடு நின்றுபோனது. என் தந்தையார் விட்டுச் சென்றது ஒற்றை ஏர்க்கால் நாணயம். அதன் இணையான இரட்டை ஏர்க்கால் நாணயத்தைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏலக் குறிப்பில் ‘ஏறக்குறைய புழங்காத நிலை, இயற்கையான நிறம்’ என்று எழுதியிருந்தார்கள். முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு படங்கள் இருந்தன; விளிம்பைக் காட்டும் படம் இல்லை. அதைக் கேட்கத்தான் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த இளைஞர் என் பெயரைக் கேட்டதும் தமிழில் வணக்கம் சொன்னார், தம் பாட்டி டோங்காட்டில் பிறந்தவர் என்றார். பிறகு, “விளிம்பு நல்லா இருக்கு அங்கிள், நானே கையில எடுத்துப் பார்த்தேன், தைரியமா கேளுங்க” என்றார். படம் அனுப்பச் சொல்ல நினைத்த நான், நம் பிள்ளை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லும்போது அதற்குமேல் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்று எண்ணி நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நான் ஏமாந்த இடம் அதுதான். இரவெல்லாம் அந்த உரையாடலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏலம் 18,000 ராண்டில் என் பெயருக்கு முடிந்தது. அதன்மேல் வாங்குபவர் கட்டணம் 15 விழுக்காடு, அதாவது 2,700. அந்தக் கட்டணத்தின்மேல் மதிப்புக் கூட்டு வரி 405. ஆக மொத்தம் 21,105 ராண்ட். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு இது பல மாதச் சேமிப்பு.

ஏலம் முடிந்த ஒன்பதாம் நாள் பொட்டலம் வந்தது. பிரித்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, குரூகரின் தலைக்கு நேர் மேலே, ஓர் அரிசி அகலத்துக்கு விளிம்புப் பற்கள் மழுங்கிக் கிடந்தன. எங்கள் குடும்பத்துக்கு நகை செய்துவந்த ஆசாரி ஒருவரிடம் அன்றே எடுத்துச் சென்றேன். அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “பொடி வச்சு ஊதுன இடம் இது, வளையத்த எடுத்துட்டு அராவி மறைச்சிருக்காங்க” என்றார். அந்தக் காலத்தில் குரூகர் காசுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிவது வழக்கமாக இருந்ததால், இப்படிப்பட்ட காசுகள் சந்தையில் ஏராளம். அவை போலியல்ல, ஆனால் 70 வரை மதிப்பெண் கொடுக்கும் தரச்சான்று நிறுவனங்கள் இவற்றுக்கு எண் தராமல், பழுது பார்க்கப்பட்டது என்று மட்டும் குறிப்பார்கள். நான் கொடுத்த விலையில் பாதிகூட இனி இதற்குக் கிடைக்காது.

பிறகு நடந்தவை மானக்கேடு. முதல் அழைப்பில் மேலாளர் பேசுவார் என்றார்கள், அவர் பேசவில்லை. இரண்டாம் முறை எடுத்த பெண், திருப்பியளிக்கும் காலம் ஏலம் முடிந்த நாளிலிருந்து ஏழு நாள் என்றார். ஒன்பதாம் நாள் கைக்கு வந்த பொருளை ஏழாம் நாளில் எப்படித் திருப்புவது என்று கேட்டதற்கு, விதியில் அப்படித்தான் இருக்கிறது என்பதே பதில். அடுத்து, நாணயம் போலியாக இருந்தால் மட்டுமே பணம் திரும்பும் என்றார்கள். அதற்கும் அடுத்து, ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் ஜோகன்னஸ்பர்க்குக்கு நேரில் வந்து பார்த்திருக்கலாமே என்றார்கள். டர்பனிலிருந்து அது 570 கிலோமீட்டருக்குக் குறையாது. என்னிடம் தமிழில் பேசிய இளைஞர் இப்போது அந்தப் பிரிவில் இல்லையாம். நேற்றைய மின்னஞ்சல், விற்றவருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, ஆகவே கணக்கு முடிந்தது என்கிறது.

சட்டமாவது காக்கும் என்று நினைத்தேன். 2002ஆம் ஆண்டின் மின்னணு வணிகச் சட்டம் இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையை 44ஆம் பிரிவில் தருகிறது. ஆனால் 42ஆம் பிரிவு ஏலத்தை அந்த உரிமையிலிருந்து விலக்கிவிடுகிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், பொருளின் தரத்துக்கு உறுதியளிக்கும் 55ஆம் பிரிவு ஏலத்தில் வாங்கிய பொருளுக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தவறான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கும் 41ஆம் பிரிவை வைத்துத்தான் நான் இனிப் புகார் எழுத வேண்டும். தொலைபேசியில் சொன்ன சொல்லுக்கோ சாட்சி இல்லை.

விற்பவர் பக்கமும் எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரின் குரூகர் அரைப் பவுன்களை வேறோர் ஏலத்தில் விற்றேன். பொருள் கைக்கு வந்ததிலிருந்து 21 நாள் திருப்பியளிக்கலாம் என்பது அங்கே விதி. அதனால் என் பணம் 45 நாள் கழித்துத்தான் வந்தது. வாங்கியவர் மனம் மாறிவிடுவாரோ, நல்ல காசை வைத்துக்கொண்டு தேய்ந்த காசைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று அந்த நாளெல்லாம் பயந்துகொண்டிருந்தேன், அந்த விதியைத் திட்டவும் செய்தேன். அன்று என்னைக் காக்க வைத்தது சரியென்று இன்று சொல்கிறேன். திருப்பியளிக்கும் காலம் முடியும்வரை விற்பவருக்குப் பணம் போகாமல் இருந்தால்தான், குறை கண்டவருக்குக் கொடுக்க நிறுவனத்தின் கையில் பணம் இருக்கும். இவர்கள் விற்பவருக்கு விரைவாகப் பணம் தருவதைப் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். அந்த விரைவுக்கு விலை கொடுத்தவன் நான்.

இனி வாங்குபவர்களுக்கு: விளிம்பின் படத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாள் கணக்கு ஏலத்திலிருந்தா, பொருள் கைக்கு வந்ததிலிருந்தா என்று பாருங்கள். போலி மட்டுமல்ல, பழுது பார்த்ததும் காரணமாகுமா என்று கேளுங்கள். கட்டணமும் சேர்ந்து திரும்புமா என்பதையும் கேளுங்கள். மேலும் எழுத நினைத்தேன், முடியவில்லை. புகார் மனுவை நாளைக் காலை அஞ்சலில் சேர்க்க வேண்டும், அதில் 21,105 ராண்டுக்கான ரசீதும் ஆசாரி எழுதிக் கொடுத்த குறிப்பும் இணைக்க வேண்டும்.