தனிக் கறுப்பா, மூவண்ணக் கறுப்பா, அடர் கறுப்பா?

நாலு கலர் ஆஃப்செட்டில் கறுப்பு வரவழைக்க மூன்று வழி உண்டு. கறுப்பு மையை மட்டும் 100% வைக்கலாம். சியான் (பச்சை கலந்த நீலம்), மஜென்டா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம். கறுப்போடு மற்ற மைகளையும் கொஞ்சம் சேர்க்கலாம். திரையில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். தாளில் ஏறினால்தான் குட்டு வெளிப்படும்.

மூவண்ணக் கறுப்பை முதலிலேயே தள்ளிவிடலாம். சியான் சிவப்பொளியையும் மஜென்டா பச்சையையும் மஞ்சள் நீலத்தையும் விழுங்கும், மூன்றும் சேர்ந்தால் எந்த ஒளியும் மிஞ்சாது என்பது ஏட்டுக் கணக்கு. டப்பாவில் வரும் மை அவ்வளவு சுத்தம் கிடையாது. சியான் மை பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் தின்னும், மஜென்டா நீலத்தில் கை வைக்கும். தப்பிப்பது சிவப்பொளி; கிடைப்பது அழுக்குப் பழுப்பு. சாம்பல் நிறத்திலும் இதே கதைதான்: மூன்றும் 50% வைத்தால் பழுப்படிக்கும், சியான் 50, மஜென்டா 40, மஞ்சள் 40 என்று வைத்தால்தான் நடுநிலைச் சாம்பல் வரும். அதுவும் ஓட்டத்தில் ஒரு மை சற்று ஏறினால் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாய்ந்துவிடும்.

எழுத்துக்குத் தனிக் கறுப்புதான், மறுபேச்சில்லை. 9 பாயின்ட் எழுத்தை நாலு பிளேட்டில் (மைக்கு ஓர் அச்சுத் தகடு) பிரித்து, ஒரு பிளேட் 0.1 மி.மீ. நகர்ந்தாலே போதும்: ‘ண’வின் சுழிகளுக்குள் சியான் கசியும், விளிம்பில் இளஞ்சிவப்பு நிழல் ஓடும். கலர் பின்னணி மேல் வரும் கறுப்பு எழுத்து ஓவர்பிரின்டில், அதாவது அடியிலுள்ள கலரை வெட்டாமல் அதன் மேலேயே ஏறும்படி, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட் நகரும்போது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும்.

பெரிய பரப்பில்தான் தனிக் கறுப்பு கைவிடும். ஆர்ட் பேப்பரில் முழு அட்டைக்கு வெறும் கறுப்பு அடித்தால் பழைய சிலேட் மாதிரி வெளிறியிருக்கும், மை பிடிக்காத ஊசிப் புள்ளிகளும் பளிச்சென்று தெரியும். ஓவர்பிரின்ட் இங்கே எதிரியாகவும் மாறும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் [பிளாக்] ஸ்வாட்ச் (தயார் நிறம்) இயல்பாகவே ஓவர்பிரின்டில்தான் இருக்கும். அதில் போட்ட கறுப்புப் பட்டை பாதி போட்டோ மேலும் பாதி வெள்ளை மேலும் உட்கார்ந்தால், போட்டோ மேல் உள்ள பாதி மட்டும் அடர்த்தியாகி, படமும் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.

அங்கேதான் அடர் கறுப்பு. பரவலான கலவை சியான் 60, மஜென்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100; நாலு மையின் அளவையும் கூட்டினால் மொத்தம் 240%. எங்கள் ஓட்டு இன்னும் எளிய கலவைக்கு: கறுப்பு 100, சியான் 50. ரெஜிஸ்டர் (பிளேட்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவது) பார்க்க இரண்டே பிளேட், கறுப்பும் குளிர்ச்சியாக ஆழமாக விழும். பக்கத்தில் முகம் நிறைந்த படம் இருந்தால் சியானுக்குப் பதில் மஜென்டா போட்டு வெதுவெதுப்பாக்கலாம்.

ஆர்ட் பேப்பர் சுமார் 300% வரை மை தாங்கும். செய்தித்தாளுக்கு 240-தான் உச்சவரம்பு. தாண்டினால் மை காயாது, அடுக்கில் மேல் தாளின் முதுகில் ஒட்டும். பிளேட்டைப் பொருத்தும் குறிகளுக்கென்றே உள்ள ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்வாட்ச் 400%. அதைக் கறுப்பென்று நினைத்துப் பட்டைக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடர் கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தால், எழுத்தின் வெளிப்புறம் அரை பாயின்ட் தனிக் கறுப்புக் கோடு சுற்றுங்கள். ஓவர்பிரின்டை மறக்காமல் அணையுங்கள். சியான் பிளேட் நகர்ந்தாலும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

மிச்சமிருப்பது ஆர்ஜிபி கறுப்பு, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையில் அமைந்த கறுப்பு. ஃபோட்டோஷாப் அதை ஸ்வாப் என்ற அமெரிக்க அச்சு நிறப் புரொஃபைலில் மாற்றும்போது சியான் 75, மஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நாலு மையாகப் பிரிக்கும், மொத்தம் 300%. வேர்டு ஃபைலிலிருந்து வரும் எழுத்து பெரும்பாலும் இப்படித்தான் மாட்டும். பிளேட் போடுமுன் அக்ரோபேட்டின் அவுட்புட் ப்ரிவ்யூவில் (மைகளைத் தனித்தனியாகக் காட்டும் வசதி) கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் எழுத்து திரையில் நின்றால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள்.