வல்கனா, கெட்ஜன்பிளாக்கா: பிளாட்டினத்துக்கு எந்தக் கரி?

எரிபொருள் மின்கலத்தின் கேத்தோடில் (ஆக்சிஜன் ஒடுக்கப்படும் முனை) வினையூக்கி எப்போதும் அதே பிளாட்டினம்தான். அது உட்காரும் கரி மாறினால் முடிவும் மாறும். வல்கன், கெட்ஜன்பிளாக் இரண்டும் அப்படிப்பட்ட கரித்தூள் வகைகள்.

வல்கன் எக்ஸ்சி-72இன் பரப்பு கிராமுக்கு ஏறக்குறைய 240 சதுர மீட்டர். நுண்துளை குறைவு, துகள்கள் வெளிமேற்பரப்பிலேயே இருக்கும். புரோட்டான் எளிதாக வந்து சேரும். ஆனால் அயனோமரின் (புரோட்டானைக் கடத்தும் பாலிமர்) சல்ஃபோனேட் தொகுதி பிளாட்டினத்தின் மீதே ஒட்டி, ஆக்சிஜன் ஒடுக்கத்தை மந்தமாக்கும். கெட்ஜன்பிளாக்கில் (300ஜே வகை, சுமார் 800 சதுர மீட்டர்) கணிசமான துகள்கள் துளைக்குள் ஒளிந்திருக்கும். அயனோமர் அங்கே நுழையாது, அதனால் வினைத்திறன் கூடும். ஆனால் உள்ளே புரோட்டானைக் கொண்டுபோவது நீர்தான். ஈரப்பதம் குறைந்தால் அந்தத் துகள்கள் வேலைநிறுத்தம் செய்யும்! மின்னோட்டம் ஏறும்போது ஆக்சிஜன் உள்ளே போவதும் சிரமம்.

சுழல் வட்டு மின்முனை (வினையூக்கியைச் சுழலும் வட்டில் பூசி அமிலத்தில் சோதிக்கும் முறை) இதைக் காட்டாது. திரவ அமிலம் எல்லாத் துளையிலும் புகுந்துவிடும். எனவே அதை முதல் வடிகட்டலுக்கு மட்டும் நம்பலாம். வட்டில் பூசும் மைக்கு: 20% பிளாட்டினம்-கரி 10 மில்லிகிராம், நீரும் ஐசோபுரோபனாலும் சேர்ந்து 5 மில்லிலிட்டர், 5% நாஃபியான் (ஓர் அயனோமர்) கரைசல் 40 மைக்ரோலிட்டர். பனிக்கட்டி நீரில் வைத்து மீயொலி கொடுங்கள், இல்லையேல் மை சூடாகித் திரளும். 5 மிமீ வட்டில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோகிராம் பிளாட்டினம். ஓரத்தில் காப்பி வளையம் போலக் கறை தெரிந்தால் அந்தப் பூச்சைத் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். இல்லையேல் 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், நிமிடத்துக்கு 1600 சுற்றில், எல்லை மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லியாம்பியரை நெருங்காமல் நின்றுவிடும்.

கெட்ஜன்பிளாக்கில் இரட்டை அடுக்கு மின்தேக்கம் (கரியின் மேற்பரப்பே தேக்கும் மின்னூட்டம்) பெரிது. அடிக்கோட்டைச் சரியாகக் கழிக்காமல் ஹைட்ரஜன் ஒட்டும் மின்னூட்டத்திலிருந்து பரப்பை (சதுர சென்டிமீட்டர் பிளாட்டினத்துக்கு 210 மைக்ரோகூலம்) கணக்கிட்டால் பிளாட்டினப் பரப்பு வீங்கித் தெரியும். ஒட்டிய கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றி (420 மைக்ரோகூலம்) சரிபாருங்கள். உண்மையான மின்கலத்தில் அதே சோதனையை நிறை ஈரத்திலும் வறட்சியிலும் செய்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே துளைக்குள் இருக்கும் பங்கு.

ஆயுளில் இரண்டுமே பலவீனம். கரி 0.2 வோல்ட்டிலேயே ஆக்சிஜனேற்றமடையக் கூடியது, வேகம்தான் குறைவு. தொடக்க-நிறுத்தத்தில் கேத்தோடு 1.5 வோல்ட்டைத் தொடும்போது கரி அரிக்கப்படும், துகள் உதிரும். 1.0–1.5 வோல்ட் இடையே வினாடிக்கு 500 மில்லிவோல்ட் வீதம் 5,000 சுழற்சி ஓட்டுங்கள், மின்னோட்ட வளைவில் 0.6 வோல்ட் அருகே குயினோன் (கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த தொகுதி) மேடு வளர்ந்தால் கரி கெடத் தொடங்கிவிட்டது. அரிப்பைத் தாங்குவதில் கிராஃபைட்டாக்கிய கரி மேலானது, ஆனால் பரப்பு குறைவதால் துகள்கள் நெருங்கித் திரளும். கரிக்குப் பதில் ஆன்டிமனி கலந்த டின் ஆக்சைடைத் தாங்கியாக வைத்தால், அது கரிபோல் ஆக்சிஜனேற்றத்தால் அழியாது. ஆனால் கடத்துதிறன் குறைவு, ஆன்டிமனி கரைந்தும் போகும்.

வண்டிக்கு கெட்ஜன்பிளாக் எடுக்கலாம், தொடக்க-நிறுத்த மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருந்தால் மட்டும்.